அச்சிதழிலிருந்து தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு: இந்திய வீடியோ செய்தி இதழ்களின் எழுச்சியும் மறைவும்

ஆய்வுச் சுருக்கம்

1980களின் இறுதியில் இந்திய அச்சிதழ் நிறுவனங்கள் சில, செய்திகளை வீடியோ நாடாவில் பதிவுசெய்து திங்கள்தோறும் விற்பனைக்கு வெளியிட்டன. ‘வீடியோ இதழ்’ என அழைக்கப்பட்ட இவ்வடிவம் ஏறத்தாழ ஏழு ஆண்டுகளில் மறைந்தது; அதனை உருவாக்கியவர்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் பின்னர் முழுநேர அலைவரிசைக்கும் சென்றனர். செயற்கைக்கோள் தொலைக்காட்சியின் வருகையே இம்மறைவுக்குக் காரணம் என்பது பொதுவான கருத்து. அது ஒரு காரணமே. அதற்கு முன்னரே இவ்வடிவத்தின் உள்ளே இரண்டு முரண்கள் இருந்தன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வீடியோ இதழ் தன்னை இதழாகக் கருதிக்கொண்டது. சட்டம் அதைத் திரைப்படமாகக் கருதியது. அது படி விற்று வாழ முயன்றது. ஆனால் அதன் படி ஒன்று விற்றால் நூறு பேர் பார்க்கும் தன்மையுடையதாக இருந்தது. ஆங்கில ‘நியூஸ்டிராக்’, இந்திக் ‘காலசக்ரா’, தமிழ்ப் ‘பூமாலை’ ஆகியவற்றை முன்வைத்து இம்முரண்கள் ஆராயப்படுகின்றன. இவ்விதழ்களின் நாடாக்களைப் பொது ஆவணமாகக் காக்க வேண்டிய தேவையும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இதழியல், வீடியோ இதழ், பூமாலை, நியூஸ்டிராக், காலசக்ரா, தணிக்கை, தொலைக்காட்சிச் செய்தி, ஆவணக் காப்பு.

1. முன்னுரை

தமிழ் இதழியல் வரலாறு எழுதியோர் அச்சிதழ்களை விரிவாக ஆராய்ந்துள்ளனர். தொலைக்காட்சி பற்றிய ஆய்வுகளும் பெருகியுள்ளன. இவ்விரண்டிற்கும் இடையே சிலகாலம் வாழ்ந்து மறைந்த வீடியோ இதழ் இரு சாரார் பார்வையிலிருந்தும் பெரிதும் விலகியே இருந்துள்ளது. அச்சிதழ் ஆய்வாளருக்கு அது இதழ் அன்று. தொலைக்காட்சி ஆய்வாளருக்கு அது ஒளிபரப்பு அன்று.

ஒளிநாடா, ஒளிப்பேழை என்னும் ஆக்கங்கள் எழுத்துத் தமிழில் வழங்கினும் மக்கள் வழக்கில் நிலைபெற்றது ‘வீடியோ கேசட்’ என்பதே. எனவே இக்கட்டுரை ‘வீடியோ இதழ்’ என்னும் தொடரையே ஆள்கிறது. திரைப்படத்தையோ நாடகத்தையோ பதிவுசெய்த நாடா இதன்கண் அடங்காது. குறித்த கால இடைவெளியில், ஒரே பெயரில், ஆசிரியர் குழு ஒன்றால் தொகுக்கப்பட்டு, சந்தா வழியாகவும் கடைகள் வழியாகவும் விற்கப்பட்ட செய்தி நாடாவே இங்கு வீடியோ இதழ் எனப்படுகிறது.

2. பின்புலம்: ஒரே நிலையம், பல கருவிகள்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975இல் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. 1976இல் தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி அமைப்பாயிற்று. எனினும் இரண்டும் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின்கீழேயே இயங்கின. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் அலைபரப்பும் உரிமையை அரசிடமே வைத்திருந்தது. நாளிதழ்கள் பலவாகவும் ஒன்றோடொன்று முரண்பட்டவையாகவும் இருந்த நாட்டில், தொலைக்காட்சிச் செய்தி மட்டும் ஒரே இடத்திலிருந்து வந்தது.

1982இல் தில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ண ஒளிபரப்பு அறிமுகமாயிற்று. அதே காலத்தில் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளும் வீடியோ கருவிகளும் நகர்ப்புற வீடுகளில் பரவத் தொடங்கின. வீடியோ கருவி வாங்க இயலாதோர் அதனை ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்தனர். தெருமுனைகளில் ‘வீடியோ லைப்ரரி’ எனப்படும் வாடகைக் கடைகள் தோன்றின. நகரங்களில் ஒரு கருவியிலிருந்து கம்பி இழுத்து அடுக்ககத்தின் எல்லா வீடுகளுக்கும் படம் காட்டும் கேபிள் தொழிலும் தோன்றியது.

இந்த மாற்றத்தின் உட்பொருள் கருதத்தக்கது. தொலைக்காட்சிப் பெட்டி அதுவரை அரசு அனுப்புவதை மட்டும் காட்டும் கருவியாக இருந்தது. வீடியோ கருவி இணைக்கப்பட்டபின், வீட்டார் தாம் தேர்ந்ததைக் காட்டும் கருவியாகவும் அது மாறிற்று. அந்த வழியாக முதலில் நுழைந்தது திரைப்படம். அதனைத் தொடர்ந்து செய்தி நுழைந்தது.

3. நியூஸ்டிராக்: நாடாவில் ஓர் இதழ்

‘இந்தியா டுடே’ 1975இல் தொடங்கப்பட்ட ஆங்கிலச் செய்தியிதழ். அதன் தொடக்கக் கால ஆசிரியராக இருந்த மது திரேஹான், அதே குழுமத்தின் சார்பில் 1988இல் ‘நியூஸ்டிராக்’ என்னும் மாத வீடியோ இதழைத் தொடங்கினார். தொலைக்காட்சி அனுபவத்தைக் காட்டிலும் அச்சிதழ் அனுபவமே இம்முயற்சிக்கு அடித்தளமாயிற்று. சில ஆண்டுகளில் ‘இந்துஸ்தான் டைம்ஸ்’ நிறுவனமும் கரண் தாப்பரின் பொறுப்பில் ‘ஐவிட்னஸ்’ என்னும் வீடியோ இதழை வெளியிட்டது.

நியூஸ்டிராக்கின் வடிவம் அச்சிதழின் வடிவத்தையே பின்பற்றியது. தூர்தர்ஷன் செய்தியறிக்கை ஒரு நிகழ்வுக்கு ஓரிரு நிமிடமே ஒதுக்கிற்று. வீடியோ இதழ் ஒரு பொருளுக்குப் பல நிமிடங்கள் ஒதுக்கியது, நிகழிடத்திற்குச் சென்றது, பாதிக்கப்பட்டோரையும் பொறுப்பாளரையும் எதிரெதிரே பேசவைத்தது. அச்சிதழின் ‘சிறப்புக் கட்டுரை’ காட்சியாக மாறிய வடிவம் எனலாம்.

1990 ஆகஸ்டில் பிரதமர் வி. பி. சிங், மண்டல் குழுவின் பரிந்துரைப்படி ஒன்றிய அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோர்க்கு 27 விழுக்காடு இடஒதுக்கீட்டை அறிவித்தார். தில்லியில் மாணவர் போராட்டமும் தீக்குளிப்பு முயற்சிகளும் நிகழ்ந்தன. தூர்தர்ஷன் மிகுந்த கட்டுப்பாட்டுடன் காட்டிய இந்நிகழ்வுகளை நியூஸ்டிராக் நேரடிக் காட்சிகளாக வெளியிட்டது. இவ்வடிவத்தின் ஆற்றலை நாடறிந்த தருணம் அது.

அதன் எல்லையையும் அத்தருணமே காட்டுகிறது. தலைநகரின் வீதிகளில் நின்ற ஒளிப்பதிவுக் கருவி, அங்கு நிகழ்ந்த எதிர்ப்பைப் பதிவுசெய்தது. இடஒதுக்கீடு நீண்ட காலமாக நடைமுறையில் இருந்த தமிழ்நாட்டில் மண்டல் அறிவிப்பு வரவேற்கப்பட்டது. வகுப்புவாரி ஆணையின் மரபும், 1951இல் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தத்திற்கு வழிவகுத்த போராட்டமும் இம்மாநிலத்தின் நினைவில் இருந்தன. எரியும் உடலின் காட்சிக்கு இருந்த வேகம், அறிவிப்பால் பயன்பெற இருந்தோரின் அமைதியான வரவேற்புக்கு இல்லை. காட்சி ஊடகம் எங்கே நிற்கிறது என்பதே அது எதைச் செய்தி எனக் கொள்கிறது என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. தில்லியில் தோன்றிய ஆங்கில வீடியோ இதழுக்கு மாற்றாக, வட்டார மொழியில் ஒரு வீடியோ இதழ் ஏன் வேண்டியிருந்தது என்னும் வினாவுக்கு இங்கு விடை கிடைக்கிறது.

4. தமிழில் ‘பூமாலை’

அதே 1990இல் தமிழில் ‘பூமாலை’ என்னும் மாத வீடியோ இதழை கலாநிதி மாறன் தொடங்கினார். ‘முரசொலி’ நாளிதழோடும் ‘குங்குமம்’ வார இதழோடும் தொடர்புடைய குடும்பத்திலிருந்து அவர் வந்தவர். ஆகவே நியூஸ்டிராக்கைப் போலவே பூமாலையும் அச்சிதழ்ச் சூழலில் பிறந்ததே.

இதன் அரசியல் பின்புலத்தைத் தமிழக இதழியல் மரபோடு இணைத்துப் பார்த்தல் தகும். திராவிட இயக்கம் அச்சிதழை வலுவான கருவியாகப் பயன்படுத்தியது. ‘குடி அரசு’, ‘விடுதலை’, ‘திராவிட நாடு’, ‘முரசொலி’ எனத் தொடரும் வரிசையில் ஒவ்வோர் இதழும் ஆட்சியிலிருந்தோர் தர மறுத்த மேடைக்கு மாற்றாக அமைந்தது. அச்சிலும் நாடகத்திலும் திரைப்படத்திலும் தனக்கென இடம் அமைத்துக்கொண்ட அவ்வியக்கத்திற்குத் தொலைக்காட்சியில் மட்டும் இடம் கிடைப்பது ஒன்றிய அரசின் கையில் இருந்தது. வீடியோ நாடா அந்த வாயிலைச் சுற்றிக்கொண்டு செல்லும் வழியாக அமைந்தது. அலைபரப்பு உரிமம் அதற்குத் தேவைப்படவில்லை. அஞ்சலிலும் கடையிலும் நாடா சென்று சேர்ந்தது. கடல் கடந்து வாழும் தமிழரிடம் செல்லவும் அதற்குத் தடையில்லை. தூர்தர்ஷன் அலைகள் எட்டாத நாடுகளில் தமிழ்த் திரைப்பட நாடாக்கள் அதற்கு முன்பே சந்தை கண்டிருந்தன.

பெயரும் கருதத்தக்கது. தமிழில் ‘இதழ்’ என்னும் சொல் மலரின் இதழையும் செய்தி ஏட்டையும் ஒருங்கே குறிக்கும். பல செய்திகளை ஒரே நாடாவில் தொடுத்துத் தரும் வெளியீட்டுக்குப் ‘பூமாலை’ என்னும் பெயர் இயல்பாகப் பொருந்துகிறது. செய்தி நாடா தன்னை ஒளிபரப்பின் கிளையாகக் கருதாமல், இதழ்க் குடும்பத்தின் உறுப்பாகக் கருதிக்கொண்டது என்பதற்கு இப்பெயர் இசைவாகிறது.

பூமாலை 1992இல் நின்றது. கள்ளப்படிகளின் பெருக்கம் அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. இக்காரணத்தைத் தனி நிறுவனம் ஒன்றின் இழப்பாக மட்டும் கொள்ளாமல், வடிவத்தின் பொருளியலோடு இணைத்து நோக்குதல் வேண்டும்.

5. படியின் பொருளியல்

அச்சிதழின் வாழ்வு படியை நம்பியது. அச்சு இயந்திரம் மணிக்கு ஆயிரக்கணக்கான படிகளை அடிக்கும். முதற்படிக்கு ஆகும் செலவு மிகுதி. அடுத்தடுத்த படிக்குத் தாளும் மையுமே செலவு. ஒரு படியைப் பலர் படிப்பதுண்டு. தேநீர்க் கடையில் ஒரே நாளிதழின் தாள்கள் பிரிந்து பல கைகளுக்குச் செல்வதைத் தமிழ்நாட்டில் எங்கும் காணலாம். எனினும் அது அச்சிதழை அழிப்பதில்லை. மறுநாள் புதிய படி தேவைப்படுகிறது. விலை குறைவாதலால் படியைக் கள்ளத்தனமாக அடிப்பதில் எவருக்கும் ஆதாயம் இல்லை. விளம்பர வருவாய் படிப்போர் எண்ணிக்கையைச் சார்ந்திருப்பதால் பலர் கையில் செல்வது நன்மையே.

வீடியோ நாடாவின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அக்காலத் தொழில்நுட்பத்தில் நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுத்தல் பெரும்பாலும் ஓடும் நேரத்திலேயே நிகழ்ந்தது. ஒன்றரை மணி நேர நாடாவைப் படியெடுக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். படிகளைப் பெருக்க வேண்டுமாயின் கருவிகளை வரிசையாக அடுக்கி ஒருங்கே ஓடவிட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் வெற்று நாடாவின் விலையும் உண்டு. ஆக, எண்ணிக்கை பெருகுவதால் ஒரு படியின் செலவு அச்சிதழில் குறைவது போல இங்குக் குறையவில்லை.

வெளியீட்டாளருக்குக் கடினமான இந்தப் படியெடுப்பு, மற்றவர்க்கு எளிதாக இருந்தது என்பதே இதிலுள்ள முரண். இரண்டு வீடியோ கருவிகளும் ஓர் இணைப்புக் கம்பியும் உடைய எந்தக் கடைக்காரரும் படியெடுக்க முடிந்தது. காந்த நாடாவில் படியிலிருந்து படியெடுக்கும்போது காட்சியின் தெளிவு குன்றும். திரைப்படத்தில் இக்குறை உறுத்தும். செய்தியில் மக்கள் அதைப் பொறுத்துக்கொள்வர். எனவே கள்ளப்படி மூலப்படிக்கு முழுமையான போட்டியாயிற்று. வாடகைக் கடை ஒரு நாடாவை வாங்கிப் பல வீடுகளுக்குக் கொடுத்தது. கேபிள் நடத்துவோர் ஒரு நாடாவை ஓட்டிப் பல நூறு வீடுகளுக்குக் காட்டினர். ஒவ்வொரு நிலையிலும் பார்ப்போர் பெருகினர். வெளியீட்டாளருக்கு வந்த பணம் பெருகவில்லை.

1984இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு வீடியோ படங்களும் அதன் காப்புக்குள் கொண்டுவரப்பட்டிருந்தன, தண்டனையும் கடுமையாக்கப்பட்டது. ஆயினும் தெருமுனைக் கடை ஒவ்வொன்றையும் கண்காணிக்கும் வலிமை வெளியீட்டாளரிடம் இல்லை. மேலும் செய்தி விரைவில் பழையதாகும் பொருள். வழக்கு நடந்து தீர்ப்பு வரும்வரை அதன் விலை காத்திருப்பதில்லை.

பார்வையாளர் இல்லாமையால் வீடியோ இதழ் தளர்ந்தது என்பதற்கில்லை. பார்வையாளரை வருவாயாக மாற்றும் வழி அதனிடம் இல்லை. விளம்பரத்தை நம்பும் கேபிள் தொலைக்காட்சிக்கு வரமாக அமைந்த அதே பெருக்கம், படியை நம்பிய வீடியோ இதழுக்குக் கேடாக அமைந்தது.

6. சட்டத்தின் முன் இதழா, திரைப்படமா?

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் உறுப்பு பேச்சுரிமையை உறுதி செய்கிறது. நாளிதழுக்குத் தனி உரிமை அதில் குறிக்கப்படவில்லை எனினும், இதழ் சுதந்திரம் பேச்சுரிமையுள் அடங்கும் என்பதை உச்ச நீதிமன்றம் தன் தொடக்க ஆண்டிலேயே நிலைநாட்டியது. 1950இல் வந்த இரண்டு தீர்ப்புகள் இங்குக் குறிக்கத்தக்கன. சென்னை மாகாண அரசு ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழின் வருகையைத் தடைசெய்ததை ரொமேஷ் தாப்பர் வழக்கில் நீதிமன்றம் செல்லாதெனக் கூறியது. பிரிஜ் பூஷண் வழக்கில் தில்லி இதழொன்றின் மீது விதிக்கப்பட்ட முன்தணிக்கையை நீக்கியது. அன்றுமுதல், வெளியிட்டபின் வழக்கை எதிர்கொள்ளலாம். வெளியிடுமுன் அரசின் ஒப்புதல் பெறவேண்டியதில்லை என்பது இதழ்களின் இயல்பு நிலையாயிற்று. நெருக்கடிநிலைக் காலம் இதற்கு விலக்கு.

திரைப்படத்திற்கு வேறு நெறி வகுக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, பொதுவில் காட்டப்படும் படம் முன்னரே சான்றிதழ் பெறவேண்டும். கே. ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் இம்முன்தணிக்கை செல்லும் என உரைத்தது. அசையும் படம் எழுத்தைவிட உணர்ச்சியை மிகுதியாகத் தூண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் தலையாயது. தமிழ்த் திரைப்படமான ‘ஒரே ஒரு கிராமத்திலே’ குறித்த 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பு, எதிர்ப்பு எழும் என்னும் அச்சத்தால் சான்று பெற்ற படத்தைத் தடுத்தலாகாது என்று கருத்துரிமையை வலுவாகக் காத்தது. எனினும் முன்தணிக்கை முறையை அதுவும் நீக்கவில்லை.

வீடியோ இதழ் இவ்விரு நெறிகளுக்கும் நடுவே அகப்பட்டது. உள்ளடக்கத்தால் அது இதழ். வெளியீட்டு ஒழுங்கால் இதழ். உருவாக்கிய நிறுவனத்தால் இதழ். ஆனால் பொருளால் அது வீடியோ படம். ஆகவே திரைப்படத் தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் பெற்றே அது வெளிவர வேண்டியிருந்தது. அரசியல் செய்திகளில் வெட்டுகள் கோரப்பட்டமை அக்காலத்தில் விவாதத்திற்கு உள்ளாயிற்று. ஒரே ஆசிரியர், ஒரே நிகழ்வைத் தம் அச்சிதழில் எழுதும்போது எவரையும் கேட்க வேண்டியதில்லை. அதையே நாடாவில் காட்டும்போது கேட்க வேண்டும். கருத்துரிமை கருத்தைச் சாராமல் அதைத் தாங்கும் பொருளைச் சார்ந்து அளக்கப்பட்ட நிலை இது.

இதனால் விளைந்த இழப்பு இருவகையானது. ஒன்று, வெட்டப்பட்ட காட்சி. மற்றொன்று காலம். மாத இதழுக்குச் சான்றிதழுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் செய்தியின் உயிரைக் குறைக்கிறது. அச்சிதழின் விரைவும் இல்லாமல், ஒளிபரப்பின் பரப்பும் இல்லாமல் அது இயங்க நேர்ந்தது.

7. காலசக்ரா: ஒரு நாடாவும் ஒரு தீர்ப்பும்

இத்தனை தடைகளுக்கிடையேயும் இவ்வடிவம் எதைச் சாதிக்க இயன்றது என்பதற்கு இந்தி வீடியோ இதழான ‘காலசக்ரா’ சான்று. அதன் ஆசிரியர் வினீத் நாராயண். 1991 மார்ச்சில் தில்லியில் தீவிரவாத வழக்கொன்றில் ஒருவர் கைதானதைத் தொடர்ந்து நடந்த சோதனைகளில் ஜெயின் சகோதரர்களின் நாட்குறிப்புகள் கைப்பற்றப்பட்டன. அரசியல் தலைவர்கள், அதிகாரிகள் பலருடைய பெயர்ச் சுருக்கங்களும் தொகைகளும் அவற்றில் இருந்தன எனக் கூறப்பட்டது. மையப் புலனாய்வுத் துறையின் விசாரணை முன்னேறவில்லை. காலசக்ரா இதனைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. 1993 அக்டோபரில் வினீத் நாராயண் உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றத்தை நாடினர்.

விசாரணை அமைப்புகள் தம் கடமையைச் செய்கின்றனவா என்பதை நீதிமன்றம் தொடர்ந்து கண்காணிக்கும் முறை இவ்வழக்கில் கையாளப்பட்டது. 1997 டிசம்பர் 18 அன்று வந்த தீர்ப்பு, மைய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திற்குச் சட்ட வலிமை தரப் பணித்தது. மையப் புலனாய்வுத் துறை இயக்குநருக்குக் குறைந்தது ஈராண்டுப் பதவிக்காலத்தை உறுதிசெய்தது. குற்றம்சாட்டப்பட்ட அரசியல் தலைவர்கள் மீதான வழக்குகள் போதிய சான்றின்றி நீதிமன்றங்களில் நிற்கவில்லை என்பதும் வரலாறே. நாட்குறிப்பில் இருந்த பதிவு மட்டுமே சான்றாகாது எனக் கருதப்பட்டது. எனினும் நிறுவனச் சீர்திருத்தம் என்னும் அளவில் இத்தீர்ப்பின் தாக்கம் நிலையானது.

பரவலில் எந்தப் பெரிய நாளிதழுக்கும் ஈடாகாத சிறிய வெளியீடு இது. இதழின் வலிமை படிகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. ஒரு பொருளைவிட்டு நீங்காமல் தொடர்வதிலும் உள்ளது. திங்களுக்கு ஒருமுறை வெளிவரும் வடிவம் அத்தகைய தொடர்ச்சிக்கு இடங்கொடுத்தது.

8. நிகழ்ச்சியாதலும் அலைவரிசையாதலும்

1991 ஜனவரியில் வளைகுடாப் போரின் நேரடிக் காட்சிகளை இந்தியர் சிலர் செயற்கைக்கோள் வழியாகக் கண்டனர். அவ்வாண்டே ஸ்டார் தொலைக்காட்சி வந்தது. 1992 அக்டோபரில் ஜீ வந்தது. பூமாலை நின்ற மறு ஆண்டு, 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில், கலாநிதி மாறன் சன் தொலைக்காட்சியைத் தொடங்கினார். முதலில் நாள்தோறும் சில மணி நேரமே ஒளிபரப்பு. அக்காலத்தில் இந்திய மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்குத் தனியார் அலையேற்ற இசைவில்லை. வெளிநாட்டிலிருந்தே அலையேற்ற வேண்டியிருந்தது. வாடகைக் கடைக்கும் வீட்டுக்கும் சென்ற நாடாவின் இடத்தில் இப்போது அயல்நாட்டு நிலையத்திற்குச் செல்லும் நாடா வந்தது. பூமாலைக்கு எதிரியாக இருந்த கேபிள் கம்பியே சன் தொலைக்காட்சிக்கு வாகனமாயிற்று. படிக்குப் பணம் பெறும் முறை போய், பார்க்கும் கண்களுக்காக விளம்பரதாரரிடம் பணம் பெறும் முறை வந்தது.

தில்லியில் மாற்றம் வேறு வழியில் நிகழ்ந்தது. தூர்தர்ஷன் 1988 முதலே ‘தி வேர்ல்ட் திஸ் வீக்’ போன்ற நிகழ்ச்சிகளை வெளியாரிடமிருந்து பெற்று ஒளிபரப்பத் தொடங்கியிருந்தது. 1995 பிப்ரவரியில், அலைவரிசைகள் பொதுச்சொத்து, அவற்றில் அரசின் தனியுரிமை கூடாது என்னும் கருத்தை உச்ச நீதிமன்றம் வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் உரைத்தது. அவ்வாண்டு ஜூலையில் இந்தியா டுடே குழுமம் தூர்தர்ஷனின் மெட்ரோ அலைவரிசையில் ‘ஆஜ் தக்’ என்னும் 20 நிமிட இந்திச் செய்தி நிகழ்ச்சியைத் தொடங்கியது. நியூஸ்டிராக் வழியாகப் பெற்ற காட்சிச் செய்தி அனுபவம் இதற்கு அடித்தளமாயிற்று. ‘ரவிவார்’ இதழின் ஆசிரியராகவும் ‘நவபாரத் டைம்ஸ்’ நாளிதழிலும் பணியாற்றிய சுரேந்திர பிரதாப் சிங் அதன் முகமானார். தூர்தர்ஷனின் வடசொல் மிகுந்த அலுவல் இந்திக்கு மாற்றாகப் பேச்சுவழக்கை ஒட்டிய இந்தியை அவர் கொணர்ந்தார். 1997 ஜூனில் அவர் மறைந்தார். நிகழ்ச்சி தொடர்ந்து வளர்ந்து, 2000 டிசம்பர் 31 அன்று 24 மணி நேர அலைவரிசையாயிற்று.

இம்மாற்றத்தில் பெற்றவை வெளிப்படை: பரப்பு, விரைவு, வருவாய். இழந்தவற்றை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, கால அளவு. திங்களுக்கு ஒருமுறை என்பது நாளுக்கு ஒருமுறை என்றும், பின்னர் இடைவெளியே இல்லை என்றும் சுருங்கியது. நிகழ்வைத் தொடர்ந்து சென்று அதன் காரணத்தை ஆராயும் நெடுங்கட்டுரை வடிவம் இருபது நிமிடச் செய்தியில் அடங்குவதில்லை. 24 மணி நேர அலைவரிசையில் இடம் உண்டு, ஆயினும் காத்திருக்கும் பொறுமை இல்லை.

இரண்டாவது, பெறுவோர் நிலை. இதழைப் பெறுபவர் ‘வாசகர்’, ‘சந்தாதாரர்’. ஒலிபரப்பையும் ஒளிபரப்பையும் பெறுபவர் ‘நேயர்’, பின்னர் ‘பார்வையாளர்’. சந்தாதாரர் பணம் கொடுத்துத் தேர்ந்தவர், வேண்டாவிடின் நிறுத்துபவர். பார்வையாளரின் கவனம் விளம்பரதாரருக்கு விற்கப்படும் பொருள். வீடியோ இதழ் தன்னைப் பார்த்தவரைச் சந்தாதாரராக மதித்த வடிவம்.

மூன்றாவது, நிலைபேறு. நாடா வீட்டில் இருக்கும். மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். தவறு கண்டால் சுட்டலாம். ஒளிபரப்பு வந்து மறையும்.

9. எஞ்சிய நாடாக்கள்

மூன்றாவதாகச் சுட்டிய நிலைபேறும் இன்று ஐயத்திற்குரியதாகிவிட்டது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம், 1956இல் நாளிதழ்களையும் உள்ளடக்கித் திருத்தப்பட்டது. அதன்படி வெளியீட்டாளர் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும் சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட பிற பொது நூலகங்களுக்கும் தம் வெளியீட்டின் படியை அனுப்ப வேண்டும். 1990இல் வெளியான அச்சிதழொன்றை ஆய்வாளர் கன்னிமாராவில் கேட்டுப் பார்க்க வழி உண்டு. அதே ஆண்டில் வெளியான வீடியோ இதழுக்கு அத்தகைய வழியில்லை. அச்சட்டம் நூலையும் நாளிதழையும் அறியும், நாடாவை அறியாது. தணிக்கை செய்வதற்குத் திரைப்படமாகக் கொள்ளப்பட்ட நாடா, காப்பதற்கு இதழாகக் கொள்ளப்படவில்லை.

காந்த நாடாவின் வாழ்நாள் குறுகியது. நெகிழித் தளத்தின்மேல் காந்தத் துகள்களை ஒட்டவைக்கும் பசை, ஈரப்பதத்தால் சிதைகிறது. வெப்பமும் பூஞ்சையும் இச்சிதைவை விரைவுபடுத்தும். கடலோரச் சென்னையின் தட்பவெப்பம் இவ்விரண்டிற்கும் இடம் தருவது. ஓட்டிப் பார்க்கும் கருவிகளின் உற்பத்தியும் நின்றுவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாடாவை மின்னுருவாக்குவதற்கு எஞ்சியுள்ள காலம் மிகக் குறைவு.

பூமாலை வெளிவந்த 1990 முதல் 1992 வரையிலான ஆண்டுகள் தமிழக வரலாற்றில் எளியவை அல்ல. 1991 ஜனவரியில் மாநில அரசு கலைக்கப்பட்டது. மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூனில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு வந்தது. ஆண்டிறுதியில் கர்நாடகத்தில் தமிழர் தாக்கப்பட்டனர். இவ்வாண்டுகளை எழுதப் புகும் ஆய்வாளர் அச்சிதழ்களையும் அரசு ஆவணங்களையும் நாடுகிறார். அரசு சாராத தமிழ்க் காட்சிப் பதிவுகள் என்னென்ன, அவற்றில் யார் பேசினர், எம்மொழியில் பேசினர், எவை விடப்பட்டன என்னும் வினாக்களுக்கு நாடாக்களே விடை தர இயலும். இதழியல் வரலாற்றுக்கும் பேச்சுத்தமிழ் ஆய்வுக்கும் இவை மூலச்சான்றுகள்.

10. முடிவுரை

வீடியோ இதழைத் தொலைக்காட்சியின் முன்னோடி என்று மட்டும் கொள்வது அதன் ஒரு பாதியைக் கூறுவதாகும். அச்சிதழின் ஆசிரியப் பொறுப்பையும் நெடிய நோக்கையும் காட்சிக்குள் கொண்டுவர முயன்ற வடிவம் அது. அரசின் தனியுரிமை அதன் தேவையை உருவாக்கியது. வீடியோ கருவி அதற்கு வழிகாட்டியது. படிக்கு வருவாய் தேடும் முறை நாடாவின் இயல்போடு பொருந்தாமையாலும், இதழ்களுக்குரிய சுதந்திரத்தைச் சட்டம் அதற்கு வழங்காமையாலும் அது தளர்ந்தது. செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தபோது அது முன்னரே தளர்ந்திருந்தது. உருவாக்கியவர்கள் ஒளிபரப்புக்குச் சென்று வளர்ந்தனர். வடிவம் அவர்களுடன் செல்லவில்லை.

நூல் ஒப்படைப்புச் சட்டத்தின் வரையறை காட்சி வெளியீடுகளுக்கும் விரிவடைதல் வேண்டும். அதுவரை காத்திராமல், பழைய வாடகைக் கடைகளிலும் சந்தாதாரர் இல்லங்களிலும் எஞ்சியுள்ள தமிழ் வீடியோ இதழ் நாடாக்களைத் தேடித் தொகுத்து, உரிமையாளர் இசைவுடன் மின்னுருவாக்கும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் இதழியல் துறைகளும் மேற்கொள்ளலாம். ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராகச் சென்றோரின் உழைப்பால் இன்று நாம் சங்க இலக்கியம் கற்கிறோம். ஓலையினும் விரைவில் அழியும் இந்நாடாக்களுக்கும் அத்தகைய தேடல் உடனடியாகத் தேவைப்படுகிறது.